டீடெய்ல்ஸ் டேக்: தலவாக்கலையில் ஒரு கொமியுனிகேஷன் கடையின் ஒன்றரை வருடப் பாவனை

விலை: இலவசம். பாவித்த காலம்: ஒன்றரை வருடம். பாவித்த இடம்: தலவாக்கலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட நானும் தம்பியும் நடத்தும் கொமியுனிகேஷன் கடையின் வெப் பக்கம்.

வெப் பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லில் டீடெய்ல்ஸ் என்று ஒரு டேக், அதாவது பிரவுசருக்குச் சொல்லும் ஒரு குறி, இருக்கிறது. அதற்குள் சம்மரி என்று இன்னொன்று. சம்மரிக்குள் எழுதும் வரி மட்டும் திரையில் தெரியும், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம். வரியைத் தொட்டால் முக்கோணம் கீழே திரும்பி, மிச்சம் எல்லாம் விரியும். திரும்பத் தொட்டால் மூடிக்கொள்ளும். குரோமில் 2011இலிருந்தே இருக்கிறது. பயர்பொக்ஸுக்கு 2016இல் வந்தது, மைக்ரோசொப்ட் எட்ஜ் 2020இல்தான் சேர்த்தது. இவ்வளவு காலம் இருந்தும் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. காசு கொடுத்து வேறொன்றை வாங்கி, அதனால் ஒரு பெரியம்மா ஒரு நாள் பேரை, அதாவது தோட்டத்து நாள் சம்பளத்தை, இழந்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் கடையில் போட்டோ கொப்பி, பிரிண்ட், ரீலோட், லெமினேட் எல்லாம் உண்டு. ஆனால் பாதி நாள் போவது படிவங்களோடுதான். அகரபத்தனை, லிந்துலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப் என்ற ஊழியர் சேமலாப நிதி, பாஸ்போர்ட். ஒரு கடதாசியை மறந்து வந்தால் அன்று ஒன்றும் நடக்காது, திரும்பிப் போய் இன்னொரு நாள் வர வேண்டும். அதனால்தான் என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று எழுதி ஒரு வெப் பக்கம் வைத்தோம். வீட்டில் யாராவது ஒரு பிள்ளையிடம் போன் இருக்கும், பார்த்துச் சொல்லிவிடும் என்று நினைத்தோம்.

முதல் பக்கத்தைச் செய்து கொடுத்தவர் பதினொரு பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார். எல்லாம் மூடியவை. தலைப்புகள் "சேவைகள்", "விவரங்கள்", "தேவையான ஆவணங்கள்", "முக்கிய குறிப்புகள்" என்று இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு திரைக்குள் முழுப் பக்கமும் அடங்கியது. நானும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்தேன்.

அந்தப் பெரியம்மா மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். தலையில் கம்பளித் துணி, கையில் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் இன்னொரு பேக், அதற்குள் கடதாசிகள். ஈ.பி.எப் காசு எடுப்பதற்குப் படிவம் நிரப்ப வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் மகள் எங்கள் பக்கத்தைப் பார்த்து, அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் போதும் என்று போனில் சொல்லியிருக்கிறாள். நான் கடதாசிகளை மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒன்றில் பேர் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி. தோட்டத்து ஒபிசில் அந்தக் காலத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. பேர் இரண்டு மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் வேலை ஓடும். அது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பெட்டிக்குள் இருந்தது.

"பாப்பா, மக எல்லாத்தையும் பார்த்துத்தானே சொன்னா" என்றார்.

மகள் பார்த்தது உண்மை. "தேவையான ஆவணங்கள்" என்ற பெட்டியைத் திறந்து முழுவதும் வாசித்திருக்கிறாள். பேர் வித்தியாசம் பற்றிய வரி "முக்கிய குறிப்புகள்" என்ற எட்டாவது பெட்டிக்குள் கிடந்தது. அதைத் திறக்க அவளுக்கு என்ன காரணம்? தன் அம்மாவின் பிரச்சினை அதற்குள் இருக்கிறது என்று அந்தத் தலைப்பு சொல்லவே இல்லையே. பெரியம்மாவுக்கு அன்றைய பேரும் போனது, பஸ் காசும் போனது. அன்று இரவு கடையைப் பூட்டிய பிறகும் அவர் கடதாசிகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தது என் கண்ணுக்குள் நின்றது. பக்கத்தை மாற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

தம்பிக்குக் கொஞ்சம் எச்.டி.எம்.எல் தெரியும். அவன்தான் டீடெய்ல்ஸ் டேக்கைத் தேடிப் பிடித்தான். ஆனால் டேக்கை மாற்றுவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். ஒரு சீ.ஆர் கொப்பியை எடுத்து, மூன்று கிழமை, போனிலும் நேரிலும் ஆட்கள் கேட்கும் கேள்விகளை எல்லாம் எழுதி வைத்தேன். ஏறக்குறைய எல்லாம் நாலு கேள்விக்குள் அடங்கிவிட்டன. இன்றைக்குக் கடை திறந்திருக்கிறதா, என்ன கொண்டு வர வேண்டும், எவ்வளவு முடியும், எப்போது கிடைக்கும். இந்த நாலில் முதல் கேள்விக்குரிய பதிலைக்கூட அந்தப் பழைய பக்கம் மூடித்தான் வைத்திருந்தது. கடை நேரமும் போயா விடுமுறையும் "எங்களைப் பற்றி" என்ற பெட்டிக்குள் இருந்தன!

எல்லாருக்கும் வேண்டியதை மூடக் கூடாது. இதைப் படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்: பிரித்தானிய அரசாங்கத்தின் வெப்சைட்டுகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டியில், இப்படியான பெட்டிகள் விஷயத்தை மறைக்கும், அதனால் எல்லாப் பாவனையாளருக்கும் அவசியமான எதையும் அதற்குள் வைக்காதீர்கள் என்று இருக்கிறது. எனக்கு அதை வாசிக்கும்போது அந்த ஷொப்பிங் பேக்தான் ஞாபகம் வந்தது.

இப்போது எங்கள் பக்கத்தைத் திறந்தால் கடை நேரம், விடுமுறை, போன் நம்பர் எல்லாம் மேலேயே வெளியில் இருக்கும். ஒவ்வொரு சேவைக்கும் கொண்டு வர வேண்டியவை திறந்தபடியே எழுதியிருக்கும். அதற்குக் கீழேதான் மூடிய பெட்டிகள், அதுவும் சிலருக்கு மட்டும் உரியவை. கல்யாணம் முடித்துப் பேர் மாறியவர்கள், பிறப்புப் பதிவு பிந்திச் செய்தவர்கள், அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள், இறந்தவரின் ஈ.பி.எப்பைக் கேட்டு வரும் குடும்பத்தார். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இந்தப் பந்திகள் வேண்டாம். அந்த ஒருவருக்கு அது மட்டும்தான் வேண்டும். மூடித் திறக்கும் பெட்டி இந்த மாதிரி இடத்துக்கு அருமையான சாமான். மனதாரச் சொல்கிறேன்.

தலைப்புக்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. "முக்கிய குறிப்புகள்" என்று இருந்ததை "அடையாள அட்டையில் ஒரு பேர், ஈ.பி.எப்பில் இன்னொரு பேரா?" என்று மாற்றினேன். அந்தப் பிரச்சினை இருப்பவர் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று உடனே கண்டுகொள்வார். இல்லாதவர் தாண்டிப் போவார். தாண்டிப் போவதற்கும் தலைப்பு உதவ வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே நிம்மதியாக விட்டுவிட்டுப் போகலாம்.

அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். முதலில் நான் எழுதிய மூன்று தலைப்பும் "தேசிய அடையாள அட்டை" என்றே ஆரம்பித்தன. தேசிய அடையாள அட்டை முதல் தடவை எடுக்க, தேசிய அடையாள அட்டை தொலைந்தால், தேசிய அடையாள அட்டையில் திருத்தம். கடைக்கு வந்த ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்து, "தங்கச்சி, அட்டை தொலைந்துபோனால் என்ன செய்வதென்று பாருங்கள்" என்றேன். கட்டைவிரல் மூன்றுக்கும் மேலே போய்ப் போய் வந்தது. சின்னத் திரையில் மூன்று வரியின் முன்பக்கமும் ஒரே மாதிரி, வித்தியாசமான சொல் இரண்டாவது வரிக்கு மடிந்து போயிருந்தது. தமிழில் அடைமொழி முன்னால் வருவது எவ்வளவு வசதி என்று அன்றுதான் விளங்கியது. "தொலைந்த அடையாள அட்டை", "முதல் அடையாள அட்டை", "பிழையான அடையாள அட்டை" என்று மாற்றினேன். அடுத்து வந்தவர் ஒரே தொடுகையில் சரியான பெட்டியைத் திறந்தார்.

இனி டேக்கைப் பற்றி.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதன் பெரிய குணம், ஜாவாஸ்கிரிப்ட் என்ற தனிப் புரோகிராம் வேண்டியதில்லை என்பது. பழைய பக்கத்தில் பெட்டி திறப்பதும் மூடுவதும் ஒரு ஸ்கிரிப்டின் வேலை. தலவாக்கலை டவுனில் நின்று பார்த்தால் பிரச்சினை தெரியாது. லயத்தில், மழை நாளில், பனி இறங்கிய நேரத்தில், சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது பார்த்தால்தான் தெரியும். எழுத்து வந்துவிடும், ஸ்கிரிப்ட் வந்து சேராது. பெட்டியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பார்ப்பவர் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார். டீடெய்ல்ஸில் அந்தப் பயம் இல்லை, திறக்கும் வேலையைப் பிரவுசரே செய்கிறது. பக்கம் ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு சிக்னல் அறவே இல்லாவிட்டாலும் பெட்டி திறக்கும். இந்த டேக்கையே தெரியாத பழைய பிரவுசராக இருந்தால் எல்லாவற்றையும் திறந்தபடியே காட்டிவிடும். யாருக்கும் எதுவும் மறைந்து போகாது. எனக்கு இது ஒன்றே போதும்.

மூடி வைத்தால் டேட்டா மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் எழுத்தும் பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும். மிச்சமாவது பார்ப்பவரின் கண்ணும் விரலும்தான். மூடியதைக் கூகுள் பார்க்காது என்றும் ஒருவர் பயமுறுத்தினார். போனில் இடம் சின்னது என்பதால் பெட்டிக்குள் வைப்பது பிரச்சினை இல்லை, அதையும் கணக்கில் எடுப்போம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

அடுத்து விரல். கொழுந்து எடுத்த விரல்கள். தேயிலைக் கறை ஏறி, நுனி தடித்து, வெடித்திருக்கும். டேக்கை அப்படியே போட்டால் சம்மரி வரி ஒரு எழுத்து உயரத்துக்குத்தான் இருக்கும். நாலு தலைப்பு ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி நின்றால், ஒன்றைத் தொடப்போய் மற்றது திறக்கும். அணுகல் வசதிக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 விதிகளில் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்று இருக்கிறது, அண்ட்ரொய்ட் வழிகாட்டி 48 என்கிறது. நாங்கள் 24 வைத்துப் பார்த்தோம், எங்கள் ஆட்களுக்குப் போதவில்லை. 48க்கு ஏற்றி, இடையில் கோடும் போட்ட பிறகுதான் பிழையாகத் தொடுவது நின்றது. சம்மரியின் முழு வரியும் தொடுவதற்கு உரியது என்பது நல்லது, முக்கோணத்தைக் குறிபார்த்துத் தொட வேண்டியதில்லை. ஆனால் அது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

முக்கோணத்தைப் பற்றியும் ஒரு குறை. தமிழ் விக்கிப்பீடியாவைப் போனில் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, முதல் பந்தி வெளியே இருக்கும், கீழே தலைப்புகள் மூடியிருக்கும், தொட்டால் திறக்கும் என்ற பழக்கம் இருக்கிறது. அவர்களின் அம்மாமாருக்கு இல்லை. அந்தச் சின்ன முக்கோணத்தை அவர்கள் ஒரு புள்ளி மாதிரித்தான் பார்க்கிறார்கள். கடையில் நாலைந்து பேரிடம் காட்டிப் பார்த்தேன், தலைப்பை வாசித்துவிட்டுக் கீழே போய்விட்டார்கள். வரியின் வலது ஓரத்தில் "திறக்க" என்று எழுத்திலேயே போட்டோம். திறந்த பிறகு அது "மூட" என்று மாறும், அதற்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்ஸிலேயே செய்யலாம். அடுத்த நாளிலிருந்து தொட ஆரம்பித்தார்கள். படம் விளங்காதவருக்கு ஒரு சொல் விளங்கும்.

பிரிண்ட் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. போன் இல்லாத ஒரு ஐயா, "பட்டியலை ஒரு தாளில் அடித்துக் கொடு மகள்" என்று கேட்டார். பக்கத்தைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். வந்த தாளில் தலைப்புகள் மட்டும் இருந்தன, உள்ளே ஒரு வரியும் இல்லை. மூடியிருக்கும் பெட்டி தாளிலும் மூடியே வரும். கொமியுனிகேஷன் கடையில் இது சின்ன விஷயம் இல்லை. தம்பி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, பிரிண்ட் கொடுக்கும் நேரத்தில் எல்லாப் பெட்டியும் தானாகத் திறக்கும்படி செய்தான். அது வேலை செய்கிறது. ஆனால் தாளில் யாரும் எதையும் தொட்டுத் திறக்க முடியாது. இந்த வசதியைப் பிரவுசரே தந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முழுப் பக்கத்தை அனுப்புவதில்லை, அவர்களுக்கு வேண்டிய பெட்டிக்கே நேராக லிங்க் அனுப்புவேன். முதலில் ஐடியை, அதாவது லிங்க் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு வைக்கும் அடையாளச் சொல்லை, டீடெய்ல்ஸ் டேக்கிலேயே வைத்தோம். லிங்க் சரியான இடத்தில் போய் நின்றது, ஆனால் பெட்டி மூடியே இருந்தது. "அக்கா, ஒன்றுமே இல்லையே" என்று பதில் வந்தது. பிறகு ஐடியை உள்ளே இருக்கும் பந்திக்கு மாற்றினோம். குரோமில் பெட்டி தானாகவே திறந்துகொண்டது. பக்கத்துக்குள் சொல் தேடும்போதும் குரோம் இப்படித்தான், "சத்தியக் கடதாசி" என்று தேடினால் மூடிய பெட்டிக்குள் இருந்தாலும் கண்டுபிடித்துத் திறந்து காட்டும். கையால் செய்த பல பெட்டிகளில் இது நடக்காது.

ஒன்றைத் திறந்தால் மற்றது தானாக மூடிக்கொள்ளும் வித்தையும் இப்போது வந்திருக்கிறது. எல்லா டீடெய்ல்ஸுக்கும் ஒரே நேம் கொடுத்தால் போதும், குரோமிலும் சபாரியிலும் 2023 டிசம்பரில் வந்தது, பயர்பொக்ஸில் அடுத்த வருடம். தம்பி ஆசைப்பட்டுப் போட்டான். ஒரு கிழமைக்குள் நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு அண்ணன் "தொலைந்த அடையாள அட்டை"யையும் "பேர் திருத்தம்" பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டும் வேண்டும். கீழே இருப்பதைத் திறந்ததும் மேலே இருந்தது மூடி, பக்கம் முழுவதும் மேலே ஏறி, வாசித்துக்கொண்டிருந்த இடம் திரையை விட்டுப் போனது. மூன்று தடவை தேடினார். தான் திறந்ததைத் தானே மூடட்டும், அது அவருடைய உரிமை.

பெட்டிக்குள் பெட்டியும் வைக்காதீர்கள். பழைய பக்கத்தில் இருந்தது. ஒரு தடவை திறந்து, உள்ளே இன்னும் மூன்று மூடிய தலைப்பைக் கண்டால் யாருக்கும் மனம் விட்டுப் போகும்.

மார்க் போட வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலு. பிரிண்டுக்கு அரை, முக்கோணத்துக்கு அரை குறைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்தாறு பந்திதான் இருக்கிறது என்றால் இந்த டேக்கே வேண்டாம், நல்ல தலைப்புப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். போனில் விரலால் தள்ளிக் கீழே போவது ஒருவருக்கும் கஷ்டமில்லை. பேஸ்புக்கில் மணித்தியாலக் கணக்காக அதைத்தானே செய்கிறோம். ஆனால் தொட்டுத் திறப்பது ஒரு முடிவு, உள்ளே இருப்பது தனக்குத் தேவையா என்று யோசித்துத்தான் தொடுவார்கள். அந்த முடிவைக் காரணமில்லாமல் அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

பெரியம்மா இரண்டாவது தடவை வந்தபோது பிறப்புச் சான்றிதழோடு வந்தார், படிவம் அன்றே முடிந்தது. பேர் வித்தியாசம் பற்றிய அந்தப் பெட்டி இப்போது ஈ.பி.எப் பட்டியலுக்கு நேர் கீழே, முதலாவதாக இருக்கிறது. அது மட்டும் மூடிய பெட்டி இல்லை. டீடெய்ல்ஸில் ஓப்பன் என்று ஒரு சொல் சேர்த்தால் பக்கம் வரும்போதே திறந்திருக்கும், வேண்டாதவர் மூடிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பிரச்சினை இல்லாத குடும்பம் குறைவு என்று சீ.ஆர் கொப்பி சொன்னது, அதனால் அப்படி வைத்தேன். ஓ.எல் எழுதப்போகும் பிள்ளைகள் அடையாள அட்டைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். "முதல் அடையாள அட்டை" பெட்டியையும் நேற்று ஓப்பன் போட்டு மேலே ஏற்றியிருக்கிறேன். அவர்கள் கூட்டம் முடிந்ததும் மூடிக் கீழே இறக்கிவிடுவேன்.